அண்டத்துக்கு ஓர் அண்டா
தொலைநோக்கி இலக்கணம்: ஏழு நூற்பாவும் உரையும்

பாயிரம்

நூல் செய்கிறவர் பாயிரத்திலேயே மூன்றைச் சொல்லிவிட வேண்டும்: நூல் எதைப் பற்றியது, யாருக்காக, படித்தால் என்ன பயன். இந்தச் சிறுநூல் வானியல் தொலைநோக்கியையும் அதன் முனையில் உட்கார்ந்திருக்கும் சிலிக்கான் சில்லையும் பற்றியது. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து வானத்தை ஒருமுறையாவது பார்த்த எல்லோருக்கும் உரியது. ஒரு கருவி தன் குறையைத் தானே எண்ணிக் கழித்துக்கொண்டு உண்மை பேசுவது எப்படி என்று தெரிந்துகொள்வதே பயன். இந்தப் பழக்கத்தை நான் வேறெந்தக் கருவியிடமும் இத்தனை முழுமையாகக் கண்டதில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தொலைநோக்கியைக் கையில் வைத்துக்கொள்வோம். திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையில், கடல் மட்டத்துக்குமேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். 1968இல் 38 சென்டிமீட்டர் ஆடித் தொலைநோக்கியோடு அங்கே வானாய்வு தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி சேர்ந்தது. 1986 ஜனவரியில், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி பணிக்கு வந்தது. அதற்காக உழைத்த வானியலாளர் வைணு பாப்பு 1982இலேயே காலமாகிவிட்டார். தொலைநோக்கியும் வானாய்வகமும் அவர் பெயரைச் சுமக்கின்றன. இனி நூல்.

நூற்பா 1
பெரிதாக்கல் அதன் தொழில் அன்று, பெறுதலே தொழில்.

உரை: தொலைநோக்கி என்றதும், தூரத்தில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டுவது என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வரும். நட்சத்திரங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பொருந்தாது. அவை இருக்கும் தூரத்துக்கு, எவ்வளவு பெருக்கினாலும் ஒரு புள்ளி புள்ளியாகவே நிற்கும். குறைவது வெளிச்சம். அதைத்தான் சேர்க்க வேண்டும்.

தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் இரவில் மழை பெய்தால் வீட்டில் என்ன நடக்கும்? கையில் கிடைத்த பாத்திரமெல்லாம் மாடிக்கு ஏறும். சொம்பு, குடம், அண்டா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விடிந்ததும் பார்த்தால், அண்டாவில்தான் அதிகம் நிறைந்திருக்கும். ஆழம் காரணமில்லை. வாய் அகலம்தான் காரணம். வாயின் குறுக்களவு இரட்டித்தால் பிடிக்கும் மழை நான்கு மடங்கு.

இருட்டில் நன்றாகப் பழகிய கண்ணின் பாவை 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். காவலூர் ஆடியின் வாய் 2,340 மில்லிமீட்டர். குறுக்களவில் 334 மடங்கு. பரப்பில் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரு லட்சம் கண்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்ததுபோல.

நட்சத்திர ஒளியைப் படிகளாக எண்ணுவார்கள்; எண் கூடக் கூட மங்கல். ஆறாம் படி நட்சத்திரம்தான் வெறுங்கண்ணுக்குக் கடைசி எல்லை. இருபதாம் படி நட்சத்திரம் அதைவிட நான்கு லட்சம் மடங்கு மங்கல். அதிலிருந்து வரும் ஒளித்துகள், அதாவது ஃபோட்டான், நம் கண்பாவைக்குள் நான்கைந்து நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விழுகிறது. அதே நட்சத்திரம் காவலூர் ஆடியில், மஞ்சள்-பச்சை நிறப் பட்டையில் மட்டும், நொடிக்கு நானூறு அளவில் தூவுகிறது.

தடை: கண்ணையே பெரிதாகப் படைத்திருந்தால் போதாதா?

விடை: போதாது. கண் தன் பாத்திரத்தை நொடிக்குப் பலமுறை கவிழ்த்துவிட்டுப் புதிதாக வைக்கிறது. ஒரு மணி நேர மழையைச் சேர்த்து வைக்க அதனால் முடியாது. போதாததற்கு அதன் கணக்கும் நேர்க்கணக்கு அல்ல. வெளிச்சம் நூறு மடங்கு கூடினால் கண் 'ஐந்து படி கூடியது' என்றுதான் சொல்லும். அந்த ஐந்து படியை நூறு மடங்கு என்று வரையறுத்து, ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று 1856இல் முன்மொழிந்தவர் நார்மன் போக்சன். அவரே 1861இல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்துக்கு அரசு வானியலாளராக வந்து, 1891இல் இறக்கும்வரை அங்கே இருந்தார். அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867இல் கண்டுபிடித்தார். பழகிய கண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி. அதற்கு அப்பால் போகக் கண்ணுக்கு மாற்று வேண்டியிருந்தது.

நூற்பா 2
கண்ணாடி தாங்கும், உலோகப் படலம் ஏந்தும்.

உரை: முதல் தொலைநோக்கிகள் லென்ஸால் ஆனவை. லென்ஸில் வெளிச்சம் கண்ணாடிக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். நீலம் ஓர் அளவு வளையும், சிவப்பு வேறோர் அளவு வளையும். நடுவே ஒளி போவதால் ஓரத்தில் மட்டும்தான் பிடித்துக்கொள்ளலாம். அகலம் கூடக் கூடத் தன் எடையாலேயே லென்ஸ் தொய்யும். அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் 1897இல் நிறுவிய 102 சென்டிமீட்டர் லென்ஸோடு அந்த வம்சத்தின் வளர்ச்சி நின்றது. ஆடிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒளி முன்பக்கத்தில் பட்டுத் திரும்பிவிடும். முதுகு முழுக்கத் தாங்கு கொடுக்கலாம். எல்லா நிறமும் ஒரே கோணத்தில் திரும்பும்.

ஆடியின் குழிவு பந்தின் துண்டுபோல இருந்தால் ஓரத்துக் கதிர்கள் ஓரிடத்திலும் நடுக் கதிர்கள் வேறிடத்திலும் கூடும். எல்லாம் ஒரே புள்ளியில் கூட, குழிவு பரவளையமாக இருக்க வேண்டும். அந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நடக்கும் தேய்ப்பு வேலை. தேய்த்தால் கண்ணாடி சூடாகும். சூட்டில் வடிவம் மாறும். ஆறும்வரை காத்திருந்து அளந்து பார்த்தபின்தான் மறுபடி கை வைக்கலாம். மேடு இருந்தால் தேய்த்து இறக்கலாம். பள்ளம் விழுந்துவிட்டால் நிரப்ப வழி இல்லை. பள்ளத்தின் மட்டத்துக்கு ஆடி முழுவதையும் இறக்க வேண்டும். கை ஒரு சுற்று அதிகம் போனதற்கு அபராதம் அது.

நல்ல ஆடியில் மேடுபள்ளம் 25 நானோமீட்டர் அளவில் இருக்கும். காவலூர் ஆடியை, சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை 700 கிலோமீட்டர் நீளும்படி பெரிதாக்கினால், அந்த வழி நெடுக மேடுபள்ளம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது.

இத்தனையும் செய்த பிறகும் கண்ணாடி ஒளியைத் திருப்பித் தருவதில்லை. வெறும் கண்ணாடி நூறில் நான்கு பங்குதான் திருப்பும். ஆடியை ஒரு பெரிய தொட்டிக்குள் வைத்து, காற்றை வெளியேற்றி, அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவிடுவார்கள். படியும் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். 4.3 சதுர மீட்டர் பரப்புக்குக் கணக்குப் போட்டால் மொத்த அலுமினியம் ஒரு கிராமைச் சற்றே தாண்டுகிறது. கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும் அளவு. மூன்று டன்னுக்கும் மேற்பட்ட கண்ணாடி, அதைத் தாங்கும் எஃகு, சுழலும் கூரை, மலைமேல் கட்டடம் ஆகிய எல்லாம் அந்த ஒரு கிராமைச் சரியான வடிவத்தில் பிடித்து வைப்பதற்காகத்தான் இருக்கின்றன. 2021 டிசம்பர் 25 அன்று விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் ஆடிக்கு அலுமினியத்துக்குப் பதில் தங்கம் பூசியிருக்கிறார்கள், அது அகச்சிவப்பை நன்றாகத் திருப்பும் என்பதால். பதினெட்டுத் துண்டுகளுக்கும் சேர்த்து ஆன தங்கம் ஆறு பவுன்.

நூற்பா 3
மீன் நிற்கும், வளி ஆடும்.

உரை: இங்கே மீன் என்றது விண்மீனை. நட்டநடுப் பகலில் தார்ச்சாலையில் எதிரே வரும் பஸ், தூரத்தில் நெளிந்து நெளிந்து தெரியும். பஸ் நெளிவதில்லை, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை அலைக்கழிக்கின்றன. அதே காரணத்தால்தான் விண்மீன் சிமிட்டுகிறது.

2.34 மீட்டர் ஆடி, கோட்பாட்டின்படி, ஒரு விண்மீனை 0.06 விகலை அகலப் புள்ளியாகக் குவிக்க வேண்டும். ஒரு விகலை என்பது, 25 மில்லிமீட்டர் நாணயம் ஒன்றை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்க்கும் கோணம். காற்று அந்தப் புள்ளியை ஒன்று, இரண்டு விகலைக்கு அப்பிவிடுகிறது. அதனால்தான் தொலைநோக்கிக்கு இடம் பார்ப்பவர்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்களைவிட அதிகம் அலைகிறார்கள். லடாக்கில் ஹான்லே, சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் வறண்ட குளிர்காற்றில் இருப்பதால்தான் அங்கே ஒரு இரண்டு மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது.

இன்னொரு வழி, காற்றின் ஆட்டத்தை நொடிக்குப் பல நூறு முறை அளந்து, அதற்கு எதிராக ஒரு மெல்லிய ஆடியை நெளித்துக் கொடுப்பது. ஹோரஸ் பாப்காக் 1953இல் இதை முன்மொழிந்தார். கணினியும் கருவியும் அந்த யோசனையை எட்டிப் பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. பிழையை அளந்து எதிர்ப்பிழை கொடுப்பது என்ற இந்தத் தத்துவம் இனி வரும் நூற்பாக்களிலும் தலைகாட்டும்.

நூற்பா 4
ஒன்றுக்கு ஒன்று பெயரும். கை மாறிக் கணக்கில் சேரும்.

உரை: ஆடி குவித்த ஒளி எங்கே விழுகிறது? நூறாண்டுக்கும் மேலாகப் புகைப்படத் தட்டில் விழுந்தது. தட்டு ஒளியைச் சேர்த்து வைக்கும். ஆனால் நூறு துகள் வந்தால் ஒன்றிரண்டைத்தான் பதியும். 1969 அக்டோபரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒரு சிலிக்கான் சில்லுக்கான வரைவைப் போட்டார்கள். அதுதான் சிசிடி. அதற்காக 2009இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல சிசிடி நூறில் எண்பது, தொண்ணூறு துகள்களைப் பிடித்துவிடும்.

பிடிக்கும் விதம் எளிது. சிலிக்கானில் எலக்ட்ரான்கள் அணுக்களோடு கட்டுண்டு கிடக்கின்றன. ஒன்றைக் கட்டவிழ்க்க 1.1 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளிடம் இரண்டு, மூன்று இருக்கிறது. துகள் ஒன்று விழுந்தால் எலக்ட்ரான் ஒன்று விடுபடும். 1.1 மைக்ரோமீட்டருக்கு மேல் அலைநீளம் உள்ள அகச்சிவப்புத் துகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. அதற்குச் சிலிக்கான் சன்னல் கண்ணாடி மாதிரி, ஊடுருவிப் போய்விடும். ஜேம்ஸ் வெப் தன் அகச்சிவப்பு வேலையில் பெரும்பகுதிக்குப் பாதரசம், காட்மியம், டெலூரியம் கலந்த சில்லைக் கொண்டுபோனது அதனால்தான்.

சில்லின் பரப்பு கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். அடியில் மின்னழுத்தத்தால் ஆன ஒரு குழி. விடுபட்ட எலக்ட்ரான் அந்தக் குழியில் தங்கும். ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்துக்கும் சேரும். எண்ணுவது எப்படி? வீடு கட்டுகிற இடத்தில் கான்கிரீட் போடும் நாளில் கீழிருந்து மாடிவரை ஆட்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கை மாற்றுவார்கள். யாரும் நடப்பதில்லை, சட்டிதான் போகிறது. சில்லிலும் மின்னழுத்தத்தை முறைவைத்து ஏற்றி இறக்கினால், ஒரு குழியின் எலக்ட்ரான்கள் மொத்தமாகப் பக்கத்துக் குழிக்குப் பெயரும். வரிசை வரிசையாக ஓரத்துக்கு வந்து, ஓரத்திலிருந்து மூலைக்கு வந்து, மூலையில் உள்ள ஒரே பெருக்கியில் எண்ணாக மாறும்.

பக்கத்துக்கு 2,048 கட்டம் உள்ள சில்லில், கடைக்கோடிச் சட்டி நாலாயிரம் முறைக்குமேல் கை மாறியாக வேண்டும். ஒவ்வொரு கையிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு சிந்தினால் என்ன ஆகும்? மூலைக்கு வந்து சேர்வது நூறில் இரண்டு பங்குகூட இருக்காது. லட்சத்தில் ஒரு பங்கு சிந்தினால் தொண்ணூற்றாறு பங்கு வந்து சேரும். நல்ல சிசிடி இந்த இரண்டாவது வகையைவிடவும் சுத்தமான கைகளைக் கொண்டது.

இதில் எனக்கு மிகப் பிடித்த குணம் ஒன்று உண்டு. ஒளி இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும். கண்ணிடம் இல்லாத, தட்டிடம் இல்லாத நேர்க்கணக்கு அது. குழி நிரம்பி வழியும்வரை அந்த நேர்மை குலையாது. வழிந்தால் பக்கத்துக் குழிகளில் பரவி, பிரகாசமான விண்மீனின் மேலும் கீழும் கோடாக நீளும். அந்தக் கோட்டைப் பார்த்தே, இங்கே கணக்கு செல்லாது என்று ஒதுக்கிவிடலாம்.

நூற்பா 5
தன்னைக் கழித்து மிஞ்சுவதே விண்.

உரை: இந்த நூலின் இதயம் இங்கே இருக்கிறது.

சில்லிலிருந்து வந்த முதல் எண்களில் விண்மீன் மட்டும் இல்லை. சில்லும் இருக்கிறது, பெருக்கியும் இருக்கிறது, தூசியும் இருக்கிறது. யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க, வானியலாளர்கள் ஒவ்வொரு குற்றவாளிக்கும் தனியாக ஒரு படம் எடுக்கிறார்கள்.

முதலாவது பயாஸ். ஒளியே விழாமல், நேரமே கொடுக்காமல், சில்லை உடனே படிப்பது. கடையில் அரிசி நிறுக்கும்முன் வெறும் தட்டைத் தராசில் வைத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்குச் சமம். இரண்டாவது டார்க். மூடியைத் திறக்காமல், விண்மீனுக்கு எவ்வளவு நேரம் கொடுப்போமோ அவ்வளவு நேரம் இருட்டில் வைத்திருப்பது. இருட்டிலும் குழியில் எலக்ட்ரான் சேரும், ஏனென்றால் வெப்பமே அவற்றைக் கட்டவிழ்த்துவிடுகிறது. இதை அடக்கத்தான் சில்லைத் திரவ நைட்ரஜனால் மைனஸ் நூறு டிகிரியை ஒட்டிக் குளிர வைக்கிறார்கள். ஆறேழு டிகிரி இறங்கும்தோறும் இந்தப் பொய்க் கணக்கு பாதியாகும்.

மூன்றாவது ஃபிளாட். இதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும்.

சூரியன் இப்போதுதான் இறங்கியிருக்கிறது. மேற்கே இன்னும் சிவப்பு. கூரையின் பிளவு திறக்கிறது. தொலைநோக்கி உச்சி வானத்துக்குச் சற்றுக் கிழக்கே, வெறும் நீலத்தைப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் வேண்டும். சற்று முன்னால் எடுத்தால் குழிகள் வழிந்துவிடும். சற்றுத் தாமதித்தால் விண்மீன்கள் முளைத்துவிடும். இடையில் கிடைப்பது சில நிமிடங்கள். இரண்டு நொடி கொடுத்து ஒரு படம், வானம் மங்க மங்க நான்கு நொடி, எட்டு நொடி. ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்துவார்கள். தப்பித் தவறி விண்மீன் விழுந்தாலும் ஒரே இடத்தில் விழாது.

சீரான வானத்தைப் பார்த்த படம் சீராக இருக்க வேண்டும். திரையில் வருவது அப்படி இல்லை. மூலைகள் மங்கல். சில கட்டங்கள் மற்றவற்றைவிட ஓரிரு சதவீதம் மந்தம். அங்கங்கே மெதுவடை வடிவத்தில் மங்கிய வளையங்கள். அந்த வளையங்கள், சில்லுக்கு முன்னால் உள்ள சன்னல் கண்ணாடியில் ஒட்டிய தூசித் துகள்களின் நிழல். ஆடிக்கு முன்னே நிற்கும் கருவியின் நிழல் ஒளிக்கற்றையின் நடுவில் விழுவதால், ஒவ்வொரு தூசியின் நிழலுக்கும் நடுவில் ஓட்டை. வடையின் குறுக்களவை அளந்தால் தூசி எந்தக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இரவு முழுக்க எடுத்த படங்களிலிருந்து பயாஸையும் டார்க்கையும் கழித்து, ஃபிளாட்டால் வகுக்கிறார்கள். வடைகள் மறையும், மூலைகள் தெளியும். ஒரே இடத்தைப் பலமுறை எடுத்த படங்களை ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் பளிச்சிடும் புள்ளிகளையும் நீக்குகிறார்கள். அவை விண்மீன் அல்ல, சில்லை ஊடுருவிப் போன காஸ்மிக் கதிரின் தடம். எஞ்சியதில் வானத்தின் பொது ஒளியைக் கழித்தால் விண்மீன் நிற்கும்.

தடை: குறையே இல்லாத சில்லைச் செய்துவிட்டால் இந்த வேலை எதற்கு?

விடை: அப்படி ஒரு சில்லை யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும், குறையில்லை என்பதைச் சோதிக்க இதே மூன்று படத்தையும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நூற்பா 6
கழித்தாலும் ஐயம் கழியாது.

உரை: மழைத்துளி மணி பார்த்து விழுவதில்லை, ஒளித்துகளும் அப்படித்தான். சராசரியாக நூறு விழும் என்று எதிர்பார்த்தால் ஒரு தடவை 92 விழும், இன்னொரு தடவை 107. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் இந்தத் தடுமாற்றத்தின் அளவு. நூறுக்குப் பத்து, அதாவது பத்து சதவீதம். பத்தாயிரத்துக்கு நூறு, அதாவது ஒரு சதவீதம். துல்லியம் பத்து மடங்கு வேண்டுமென்றால் ஒளி நூறு மடங்கு வேண்டும். பெரிய அண்டாவும் நீண்ட இரவும் இதற்காகத்தான்.

இப்போது ஒரு கணக்கு. மங்கலான விண்மீன் ஒன்று நொடிக்கு நூறு துகள் தருகிறது. அது அமர்ந்திருக்கும் துண்டு வானமும் நொடிக்கு நூறு தருகிறது. நூறு நொடியில் இரண்டும் சேர்ந்து 20,000. பக்கத்து வெற்று வானத்தைப் பார்த்துப் பத்தாயிரத்தைக் கழித்துவிடலாம். விண்மீனின் பத்தாயிரம் மிஞ்சும். தடுமாற்றமோ 20,000க்கு உரியது: 141. சுமார் 1.4 சதவீதம்.

அடிவாரத்து ஊர் வளர்கிறது. விளக்குகள் கூடுகின்றன. வானத்தின் பங்கு நொடிக்கு நானூறாகிறது. இப்போதும் கழிக்கலாம், விண்மீனின் பத்தாயிரம் அப்படியே கிடைக்கும். ஆனால் மொத்தம் 50,000, தடுமாற்றம் 224, பிழை 2.2 சதவீதம். பழைய துல்லியத்தை மீட்க 250 நொடி வேண்டும். ஓர் இரவில் முடிந்த வேலைக்கு இரண்டரை இரவு.

முந்தைய நூற்பாவின் கழித்தல் எதையும் சரிசெய்துவிடும் என்று எண்ணியிருந்தால் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். விளக்கின் சராசரி வெளிச்சத்தைக் கழிக்கலாம்; அது கொண்டுவந்த தடுமாற்றத்தைக் கழிக்க எந்தக் கணினியாலும் முடியாது. அது நம் தரவில் தங்கிவிடுகிறது. ஆகவே இருட்டை முதலிலேயே காப்பாற்றுவது ஒன்றுதான் வழி. ஹான்லேயைச் சுற்றி 2022இல் இருண்ட வானக் காப்பகம் அறிவித்தார்கள். மற்ற ஊர்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. தெருவிளக்கின் தலைக்குமேல் ஒரு மூடி இருந்தால் போதும். ஒளி தெருவில் விழும். வானத்துக்கு வெளிச்சம் போடுவதால் பாதசாரி ஒருவருக்கும் பயனில்லை. மின்கட்டணமும் குறையும், விண்மீனும் மிஞ்சும். நான் இந்த நூலை எழுதியதில் இந்த ஒரு பத்தி மட்டும் யாராவது ஊராட்சித் தலைவர் கண்ணில் பட்டாலும் எனக்குப் போதும்.

நூற்பா 7
குறைவும் சேதி, அளந்த குற்றம் தீரும்.

உரை: இரண்டு வரலாறு சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது குற்றம் தீர்ந்தது. 1990 ஏப்ரலில் ஹப்பிள் தொலைநோக்கி விண்ணுக்குப் போனது. முதல் படங்களில் விண்மீன்களைச் சுற்றி மூட்டம். ஆடியின் ஓரம் இருக்க வேண்டியதைவிட 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாகிவிட்டிருந்தது. தலைமுடியின் பருமனில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு. ஆடியைச் சோதிக்கப் பயன்படுத்திய கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி அமைந்திருந்ததே காரணம். தேய்த்தவர்கள் தவறான வடிவத்தை மிகத் துல்லியமாகத் தேய்த்திருந்தார்கள். அந்தத் துல்லியம்தான் காப்பாற்றியது. குற்றம் ஆடி முழுக்க ஒரே சீராக, எண்ணால் சொல்லக்கூடியதாக இருந்தது. அதே அளவு எதிர்க்குற்றம் கொண்ட சிறு ஆடிகளைச் செய்து 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். மூட்டம் விலகியது. தாறுமாறாகத் தேய்த்திருந்தால் எதைக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள்?

இரண்டாவது குறைவு சேதியானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடக்கவிருந்தது. விண்மீனின் ஒளி எப்போது மறைகிறது, எப்படி மறைகிறது என்று எண்ணினால் கோளின் காற்றுமண்டலத்தைப் பற்றித் தெரியும். இந்தியப் பெருங்கடலுக்குமேல் பறந்த கைப்பர் வானூர்தி ஆய்வகத்திலிருந்து அமெரிக்கக் குழு எண்ணியது. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் எண்ணினார்கள். அப்போது அங்கே சிசிடி வந்திருக்கவில்லை. ஒளித்துகள் தட்டிவிடும் ஒரே எலக்ட்ரானை லட்சக்கணக்கில் பெருக்கிக் காட்டும் குழாய்தான் கருவி. கோள் விண்மீனை எட்டும் முன்பே எண்ணிக்கை சட்டென்று சரிந்து மீண்டது. வானூர்தியில் அப்படிப் பல சரிவுகள். காவலூரிலும் சரிவு பதிவாகியிருந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்பதை உலகம் அப்படித்தான் அறிந்தது. யாரும் வளையத்தைப் பார்க்கவில்லை. வர வேண்டிய ஒளி சில நொடிகள் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சில நொடிக் குறைவு மேகமாக இருக்கலாம், மின்சாரத் தடுமாற்றமாக இருக்கலாம், குழாயின் சேட்டையாக இருக்கலாம். தன் கருவி எப்போதெல்லாம் எவ்வளவு தடுமாறும் என்று முன்பே எண்ணி வைத்தவரால்தான், இந்தச் சரிவு என்னுடையது இல்லை, வானத்துடையது என்று சொல்ல முடியும்.

நூல் முற்றிற்று. காவலூரில் மழை மேகம் இல்லாத நாளென்றால், இன்று மாலையும் கூரை திறக்கும். முதல் விண்மீன் முளைக்கும் முன், அண்டா வெறும் நீலத்தைப் பார்த்து நிற்கும். முதல் படத்தில் அதன் தூசிதான் வரும்.